குமரி மாவட்ட ஹார்ன் கலைஞர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபை பேண்ட், பங்கு பேண்ட், பள்ளி பேண்ட் என்று ஹார்ன் வாசிப்பவர்களும் அவர்களின் பெற்றோரும் பேண்ட் மாஸ்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் புரிந்தால்தான் மற்றவை புரியும், அதை மட்டும் தாண்ட வேண்டாம்.

எங்க பையன் பேண்டுல 'ஹார்ன்' வாசிக்கான். பிரெஞ்சு ஹார்னும் அதுவும் ஒண்ணுதானே?

பெரும்பாலும் இல்லை. நம் பக்கத்து பேண்டுகளில் ஹார்ன் என்ற ஒரே பெயரில் மூன்று கருவிகள் உலவுகின்றன. நிமிர்த்திப் பிடித்து, வலது கையால் மூன்று பிஸ்டனை அழுத்தி வாசிப்பது ஈ ஃபிளாட் டெனர் ஹார்ன். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் வழியில் உலகெங்கும் பரவிய பித்தளை பேண்டுகளில் நடுக்குரல் இதுதான். வட்டமாகச் சுருண்டு, இடது கையால் ரோட்டரி வால்வை இயக்கி, வலது கையைப் பின்பக்கம் விரிந்திருக்கும் வாயான பெல்லுக்குள் வைத்து வாசிப்பது பிரெஞ்சு ஹார்ன். வெளிநாடுகளில் வெறுமனே ஹார்ன் என்றால் அதுதான். பெல் முன்னோக்கி இருக்கும் மெல்லோஃபோன், அணிவகுப்புக்கென்றே செய்யப்பட்டது.

ஐயம் வந்தால் எந்தக் கை வால்வில் இருக்கிறது என்று பாருங்கள். இடது கை என்றால் பிரெஞ்சு ஹார்ன். இது தெரியாமல் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாலோ நோட்டு வாங்கினாலோ மவுத்பீஸ் வரவழைத்தாலோ எல்லாம் தப்பாகத்தான் வந்து சேரும். கீழே ஹார்ன் என்று மட்டும் எழுதியிருந்தால் பிரெஞ்சு ஹார்னையே சொல்கிறோம்.

எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்?

முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முழுதாக வளர்ந்த பிறகு. ஒன்பது, பத்து வயது சரியாக இருக்கும். எஃப், பி ஃபிளாட் என இரண்டு குழாய்த் தொகுதி கொண்ட டபுள் ஹார்ன் இரண்டரை கிலோ வரை கனக்கும். அதைச் சின்னப் பிள்ளையின் தொடையில் ஏற்றி வைத்தால் கழுத்து சாய்ந்து உதடு கோணும். அந்த வயதில் டெனர் ஹார்னில் ஓரிரு ஆண்டு பழகிவிட்டு மாறுவது நல்லது. பல்லுக்குக் கம்பி போட்டவர்களும் வாசிக்கலாம். முதல் சில வாரம் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, கம்பி மேல் மெழுகு வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் ட்ரம்பெட் நல்லா வாசிப்பேன். ஹார்ன் எடுத்தா மட்டும் ஸ்வரம் வழுக்குது, ஏன்?

குழாயின் நீளம்தான் காரணம். பி ஃபிளாட் ட்ரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். எஃப் ஸ்ருதியில் அமைந்த பிரெஞ்சு ஹார்னில், அதாவது எஃப் ஹார்னில், அது சுமார் 3.7 மீட்டர். குழாய் நீள நீள, ஒரே விரல் நிலையில் கிடைக்கும் இயற்கைச் சுரங்கள் நெருங்கி நிற்கும். ஹார்னில் ஐந்து கோட்டின் நடுவில் எழுதும் சி, அந்த இயற்கைச் சுரங்களில் எட்டாவது. அதற்கு மேலே அடுத்த ஒலிகள் ஒரு முழு ஸ்வர இடைவெளியிலேயே வந்துவிடும். உதடு மயிரிழை பிசகினாலும் பக்கத்து ஸ்வரத்தில் போய் விழும். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களிலும் இது நடப்பதுதான்.

வேகமாக வாசித்துப் பார்ப்பதால் இது சரியாகாது. ஊதுவதற்கு முன் அந்த ஸ்வரத்தை வாயால் பாடிப் பாருங்கள். மவுத்பீஸின் மூன்றில் இரண்டு பங்கு மேலுதட்டிலும் ஒரு பங்கு கீழுதட்டிலும் இருக்கட்டும். ட்ரம்பெட்காரர்கள் பாதிப் பாதியாக வைத்துப் பழகியிருப்பார்கள், அந்தப் பழக்கம்தான் முதல் தடை. விரலும் மாறும்: ட்ரம்பெட்டில் ஒன்றையும் இரண்டையும் அழுத்தி எடுக்கும் கீழ்க்கோட்டு ஈ, எஃப் ஹார்னில் வால்வைத் தொடாமலே வரும். டெனர் ஹார்னுக்கு ட்ரம்பெட் விரலே போதும்.

கொயர்ல சோல்ஃபா பாத்துதான் பாடி பழக்கம். ஸ்டாஃப் தெரியாது. ஹார்ன் படிக்க முடியுமா?

முடியும். ஹார்னைப் பொறுத்தவரை இது பலமும்கூட. ஸ்டாஃப், அதாவது ஐந்து கோட்டு நோட்டு மட்டும் படித்தவர் ஸ்கேல் மாற்றும்போது ஒவ்வொரு ஸ்வரமாகக் கணக்குப் போடுவார். டோ, ரே, மி என்று படிக்கும் சோல்ஃபாக்காரர் 'டோ' எங்கே என்று ஒரு முறை முடிவு செய்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

எஃப் ஹார்ன், எழுதியதைவிட ஐந்து ஸ்வரம் கீழே (சி எழுதினால் எஃப்) ஒலிக்கும் கருவி. அதனால் பாட்டு சி மேஜரில் இருந்தால் உங்கள் டோ ஜி. எஃப் என்றால் சி, ஜி என்றால் டி, டி என்றால் ஏ, ஈ ஃபிளாட் என்றால் பி ஃபிளாட், ஏ ஃபிளாட் என்றால் ஈ ஃபிளாட். ஆராதனைப் பாடல்களில் பெரும்பகுதி இந்த ஆறிலேயே அடங்கிவிடும். ஆனாலும் ஸ்டாஃப் படிக்காமல் இருந்துவிட முடியாது. தேர்வு, பயிற்சி முகாம், வேலை எதற்குப் போனாலும் அது கேட்கப்படும். தினம் பத்து நிமிடம், ஏற்கெனவே சோல்ஃபாவில் தெரிந்த பாட்டையே ஸ்டாஃபில் பார்த்து வாசியுங்கள்.

கீபோர்டு அண்ணன் 'சி'ன்னு சொல்லுதாரு. நான் சரியா ஜி ஸ்கேல் வாசிச்சாலும் ஒட்டவே மாட்டேங்குது.

டிரான்ஸ்போஸ் பட்டனைப் பாருங்கள். நம் சபைகளில் முக்கால்வாசிப் பேர் சி-யிலேயே விரலை வைத்துக்கொண்டு பட்டனால் ஸ்கேலை ஏற்றி இறக்குகிறார்கள். திரையில் +2 இருந்தால் விரல் சி-யில் இருந்தாலும் கேட்பது டி. அப்போது உங்களுக்கு ஏ. 'எந்த ஸ்கேல்' என்று மட்டும் கேட்காமல் 'பட்டன் எதில் இருக்கிறது' என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

பேண்டில் ஈ ஃபிளாட் ஹார்ன் நோட்டு மட்டும் இருந்து, கையில் எஃப் ஹார்ன் இருந்தால், எழுதியிருக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு முழு ஸ்வரம் கீழே வாசிக்க வேண்டும். சி எழுதியிருந்தால் பி ஃபிளாட்.

மீரட்ல இருந்து விலை குறைச்சலா வருதே, வாங்கலாமா? பழசு வாங்கினா எப்படிப் பாக்கணும்?

மீரட்டின் ஜாலி கோட்டி, பேண்ட் கருவிகளுக்குப் பெயர்போன இடம். டெனர் ஹார்ன், யூஃபோனியம் போன்ற பிஸ்டன் கருவிகள் ஊர்வலத்துக்குப் போதுமானவை கிடைக்கும். ரோட்டரி ஹார்ன் விஷயம் வேறு. வால்வுக்குள் சுழலும் பகுதியான ரோட்டர் தன் உறைக்குள் மயிரிழை இடைவெளியில் சுற்ற வேண்டும். அது தளர்ந்தால் காற்று கசிந்து, கற்றுக்கொள்ளும் பிள்ளை தன் உதட்டைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கும். பெயர்பெற்ற நிறுவனங்களின் புதிய டபுள் ஹார்ன் லட்சத்தைத் தாண்டும். எனவே நல்ல நிலையில் உள்ள பழைய கருவியையே முதலில் தேடச் சொல்வோம்.

பழையதில் மூன்று சோதனை. ஒன்று, வால்வை அழுத்தாமல் அதன் சிறு ஸ்லைடை (இழுத்துக் கழற்றும் குழாய்) மெல்ல இழுத்து, சில விநாடி நிறுத்தி, முழுதாகக் கழற்றுங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் கசிவில்லை. வராவிட்டால் ரோட்டர் தேய்ந்திருக்கிறது. இரண்டு, வால்வின் பின்மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள். ரோட்டர் அச்சிலும் தட்டிலும் உள்ள கோடுகள், அழுத்தும்போதும் விடும்போதும் நேராகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தடுப்பு ரப்பரை மாற்றினால் போதும், விலையைக் குறைத்துப் பேசலாம். மூன்று, எல்லா ஸ்லைடும் கையால் அசைகிறதா என்பது. அசையாத ஸ்லைடைப் பிளையரால் இழுத்த கருவியை வாங்கவே வாங்காதீர்கள், குழாய் முறுக்கியிருக்கும்.

கடற்கரை ஊர்ல இருக்கோம். ஹார்ன் சீக்கிரம் கெட்டுப்போகுது. நூலும் அறுந்துட்டே இருக்கு.

குளச்சல், முட்டம் பக்கம் வெளியே வாசித்துவிட்டு வந்தால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். உப்பை உலர்ந்த துணியால் மட்டும் தேய்த்தால் பித்தளை மேல் உள்ள லாக்கர் பூச்சு கீறும். பித்தளை பாலிஷ் வேண்டாம், லாக்கர் போய்விடும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. பெட்டிக்குள் ஈரம் தங்கும் என்பதால், வெயிலில்லாத காற்றோட்டமான இடத்தில் பெட்டியை வாரம் ஒரு முறை திறந்து வையுங்கள்.

எண்ணெய் ஒரே வகை போதாது. ரோட்டருக்கு மெல்லிய எண்ணெய், அச்சுக்குக் கொஞ்சம் கெட்டியானது, ஸ்லைடுக்கு கிரீஸ். தேங்காய் எண்ணெய் எதற்கும் ஆகாது, நாளாக நாளாகப் பிசினாகி ரோட்டரைப் பிடித்துக்கொள்ளும்.

நூல் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு அதிர்ஷ்டம். நெம்புகோலையும் ரோட்டரையும் இணைக்க உலகெங்கும் பயன்படுத்துவது பின்னப்பட்ட தூண்டில் நூல்தான், மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும். தங்கூசி மட்டும் வேண்டாம். ஒற்றை இழை என்பதால் முடிச்சு வழுக்கும், இழுபடும். ஒரு வால்வுக்கு ஒரு சாண் துண்டு. நெம்புகோலின் முனையில் தொடங்கி, ரோட்டர் தலையைச் சுற்றி எட்டு வடிவில் கொண்டுபோய், திருகின் அடியில் இறுக்க வேண்டும். அறுந்த பிறகு யோசித்தால் எப்படிக் கட்டியிருந்தது என்று தெரியாது. இப்போதே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேரல் பவனில மூணு மணி நேரம் வாசிச்சா மறுநாள் உதடு செத்துப்போகுதே?

அதற்குப் பிரெஞ்சு ஹார்னைக் கொண்டுபோகாதீர்கள். பெல் பின்னோக்கி இருப்பதால் தெருவில் யாருக்கும் கேட்காது, கேட்கவில்லையே என்று நீங்கள் அமுக்கி ஊதுவீர்கள். ஓடும் டெம்போவில் நின்று வாசிப்பது அதைவிட ஆபத்து. ஒரு பள்ளத்தில் விழுந்தால் மவுத்பீஸ் பல்லில் இடிக்கும். நடக்கும் ஊர்வலத்துக்கு மெல்லோஃபோனோ டெனர் ஹார்னோ போதும். இரண்டு பேர் சரணத்துக்குச் சரணம் மாறி வாசியுங்கள். மறுநாள் நீண்ட மெல்லிய ஸ்வரங்கள் மட்டும், அதுவும் கால் மணி நேரம்.

மாவட்டத்துல ஹார்ன் வாத்தியாரே இல்லையே, யாருகிட்ட படிக்க?

உள்ளூர் ஆசிரியர், இணைய வகுப்பு இரண்டையும் கலந்து செய்யுங்கள். மூச்சு, தாளம், ஸ்டாஃப் ஆகியவற்றை உள்ளூர் ட்ரம்பெட் அல்லது யூஃபோனியம் ஆசிரியரிடம் படிக்கலாம். இராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர் உங்கள் ஊரில் இருந்தால் விடாதீர்கள். உதடு வைப்பு, வலது கை, ஹார்னுக்கே உரிய நுட்பங்களை மாதம் ஓரிரு முறை இணையத்தில் ஒரு ஹார்ன் ஆசிரியரிடம் படிக்கலாம்.

இணைய வகுப்பில் பலருக்கும் ஒலி விட்டுவிட்டுப் போவதற்கு நெட் காரணமாக இருக்காது. பேச்சுக்கென அமைத்த செயலிகள், நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' போன்ற வசதியைப் போடுங்கள். போனை இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். பெல்லுக்குப் பின்னால் திரையோ மெத்தையோ இருந்தால் எதிரொலி குறையும். நம் மாலை 7 மணி, லண்டனில் கோடையில் பகல் 2.30, குளிர்காலத்தில் 1.30. மார்ச்சிலும் அக்டோபரிலும் அவர்கள் கடிகாரம் மாறும்போதுதான் வகுப்பு தவறுகிறது.

டிரினிட்டியா, ஏபிஆர்எஸ்எம்மா? எதை எழுத வைக்க?

இரண்டும் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இசைத் தேர்வு அமைப்புகள், எட்டு கிரேடு, மதிப்பும் ஒன்றுதான். வித்தியாசம் ஆறாம் கிரேடில் தெரியும். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறு முதல் எட்டு வரை எழுத, ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான தேர்வோ தேறியிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. மதிப்பெண் கணக்கும் வேறு: டிரினிட்டியில் 100-க்கு 60 தேர்ச்சி, 87 டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் 150-க்கு 100 தேர்ச்சி, 130 டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மின் பெர்ஃபாமன்ஸ் கிரேடில் நான்கு பாட்டை ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பலாம் என்பதால் பயணச் செலவு மிச்சம்.

எங்கள் கருத்து: தியரி பிடிக்காத பிள்ளையை டிரினிட்டியில் தொடங்குங்கள், ஆனால் தியரியை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் கருவியின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், டெனர் ஹார்னுக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு. பியானோ துணைக்கு வருபவர் ஸ்டாஃப் பார்த்து வாசிப்பவராக இருக்க வேண்டும். கீபோர்டில் கார்டு (chord) மட்டும் பிடிப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இங்கே உதவ முடியாது. அவரை மூன்று மாதத்துக்கு முன்பே பிடித்து வையுங்கள்.

சர்வதேச ஹார்ன் சங்கம்னு ஒண்ணு இருக்காமே, நமக்கு அதுல என்ன பிரயோஜனம்?

1969-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து டலஹாசியில் ஹார்ன் கலைஞர்கள் கூடிப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 1970-இல் இன்டர்நேஷனல் ஹார்ன் சொசைட்டி உருவானது. முதல் தலைவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த பாரி டக்வெல். 'தி ஹார்ன் கால்' என்ற இதழை நடத்துகிறது. ஆண்டு மாநாடு நாடு மாறி மாறி நடக்கிறது. மாணவர்களுக்கு உதவித்தொகைகளும் போட்டிகளும் உண்டு. ஊர்களில் நடக்கும் வட்டாரப் பயிற்சி முகாம்களுக்கும் சிறிய அளவில் நிதி உதவி செய்யும் வழக்கம் இருக்கிறது.

பெரிய தொகையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பயிற்சிக் கட்டுரைகள் கிடைக்கும், வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு எழுத ஒரு வழி கிடைக்கும், நம் முகாமுக்கு ஒரு அடையாளம் கிடைக்கும். முகாம் உதவி கேட்பவர்கள் தேதி, இடம், கற்பிப்பவர் பெயர், வரவு செலவுத் திட்டம் நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, பல மாதம் முன்பே கேளுங்கள். நடந்து முடிந்த முகாமுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

நாகர்கோவில்ல ஒரு நாள் ஹார்ன் முகாம் நடத்தணும்னா எங்கேருந்து தொடங்கணும்?

தேதியிலிருந்து. டிசம்பர் வேண்டவே வேண்டாம். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும், அதன்பின் கேரல், கிறிஸ்துமஸ், வருடப் பிறப்பு என்று ஒரு பேண்டுகாரரும் கைக்குச் சிக்க மாட்டார். மார்ச்சில் பொதுத்தேர்வு. மே மாதம் கல்யாணமும் சபைப் பண்டிகையும். பொங்கல் முடிந்து, குடியரசு தின அணிவகுப்பையும் தாண்டி, பிப்ரவரி முதல் பாதியில் ஒரு சனிக்கிழமை வைப்பதுதான் பாதுகாப்பு. ஞாயிறு ஆராதனை இருப்பதால் ஆகாது.

மண்டபம் பெரிதாக வேண்டாம், பின்சுவர் வேண்டும். ஹார்னின் ஒலி பின்னால் போய்ச் சுவரில் பட்டுத்தான் முன்னால் வரும். நாற்காலி வரிசைக்கும் சுவருக்கும் ஒன்றரை மீட்டர் விடுங்கள். பின்னால் டிரம்ஸ் வைத்தால் அவர்களுக்கும் காது போகும், இவர்களுக்கும் ஸ்வரம் கேட்காது. கைப்பிடி இல்லாத நாற்காலி, இரண்டு பேருக்கு ஒரு நோட்டு ஸ்டாண்டு, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க துணி கிளிப். உதிரியாக நூல், சின்ன ஸ்க்ரூ டிரைவர், மூன்று எண்ணெய், மவுத்பீஸ் கழற்றும் கருவி ஒன்று. மவுத்பீஸ் சிக்கினால் முறுக்கி இழுக்கும் ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். முதல் குழாய் அப்படித்தான் பற்றவைப்பு விட்டுக் கையோடு வருகிறது.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: 9.30-க்கு அரை மணி சூடேற்றம். பிறகு தொடக்கநிலை, தேறியவர் என இரண்டு குழுவாக ஒரு மணி நேரம். டீ. பதினொன்றே காலிலிருந்து எல்லோரும் சேர்ந்து நான்கு குரல் வாசிப்பு. மதியம் ஒன்றரை மணி நேரம் ஓய்வு, அந்த நேரத்தில் கருவிப் பராமரிப்பு வகுப்பு. மாலை ஒரு மணி நேர ஒத்திகை, நாலு மணிக்குப் பெற்றோர் முன் மூன்று பாட்டு. மொத்தத்தில் உதடு வேலை செய்வது மூன்றரை மணியைத் தாண்டக்கூடாது. காலையிலேயே எல்லாவற்றையும் ஊதித் தீர்த்துவிட்டு, நாலு மணிக்கு ஒருவருக்கும் சத்தம் வராமல் போவதுதான் இந்த முகாம்களில் வழக்கமாக நடக்கும் தப்பு.

இரண்டு சின்ன விஷயம். டீயும் ஏத்தங்காய் சிப்ஸும் கொடுத்தால் பக்கத்திலேயே வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வையுங்கள், சர்க்கரையும் மாவும் குழாய்க்குள் போனால் ரோட்டர் ஒட்டும். மதிய வெயிலில் பித்தளைக் கருவியின் ஸ்ருதி ஏறும், கீபோர்டு ஏறாது. சாப்பாட்டுக்குப் பின் மறுபடி ஸ்ருதி பார்த்து, பெரிய ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுக்கச் சொல்லுங்கள்.

மொத்தமே நாலு பேர்தான் பிரெஞ்சு ஹார்ன் வச்சிருக்காங்க. முகாம் நடத்த முடியுமா?

நாலு பேர் என்றால் ஹார்ன் குவார்டெட், அதற்கே ஏராளமான நோட்டு உண்டு. டெனர் ஹார்ன்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஈ ஃபிளாட் நோட்டு தனியாக எழுதித் தர வேண்டும், கணக்கு மேலே கீபோர்டு கேள்வியில் இருக்கிறது, அதைத் திருப்பிப் போடுங்கள்: எஃப் நோட்டைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே. முதல் ஹார்னும் மூன்றாம் ஹார்னும் உயரக் குரல், இரண்டும் நான்கும் தாழ்வு. ஆட்களைப் பிரிக்கும்போது இதைப் பாருங்கள்.

ஆராதனைக்குத்தானே, நோட்டை ஜெராக்ஸ் போட்டா என்ன?

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் உண்மையான மதச் சடங்கின்போது வாசிப்பதற்கு விலக்கு உண்டு. அது வாசிப்புக்கு மட்டும், நகலெடுக்க அல்ல. முகாமின் மாலைக் கச்சேரி மதச் சடங்கும் ஆகாது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழித்து உரிமை முடியும். பழைய ஞானப்பாட்டு மெட்டுகளில் பல அப்படி வெளியே வந்தவை. ஆனால் அதே மெட்டுக்கு அண்மையில் ஒருவர் செய்த நான்கு குரல் அமைப்புக்குத் தனி உரிமை இருக்கும். மெட்டை எடுத்து உங்கள் பேண்ட் மாஸ்டரையே அமைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆட்களின் உயரத்துக்குத் தகுந்தபடியும் இருக்கும்.

வெளிநாட்டுக்காரங்க பழைய ஹார்ன் நாலு தாரோம்னு சொல்லுதாங்க. வாங்கிக்கலாமா?

யோசித்து வாங்குங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பணம் மட்டுமல்ல, பொருளும் நன்கொடைதான். சபையோ சங்கமோ பெறுவதானால் அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பணம் என்றால் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கு வழியாகவே வர வேண்டும். இரண்டும் இல்லாத பேண்ட் சங்கம் தன் பெயரில் வரவழைக்கக் கூடாது. சுங்க வரியும் தனியே உண்டு. 'நன்கொடை' என்று பெட்டி மேல் எழுதியதால் வரி போகாது. தனி ஆளுக்குச் சொந்த உபயோகப் பரிசாக வருவதற்கு விதி வேறு. அனுப்பச் சொல்வதற்கு முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர், இந்தியக் குடியுரிமையோடு, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் இந்தச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும். நம் மாவட்டத்தில் முதல் ஹார்ன் வாங்க இந்த வழிதான் எளிது.

வெளிநாட்டு முகாமுக்கு இடம் கிடைச்சிருக்கு. ஹார்னை பிளைட்டுல எப்படிக் கொண்டு போக?

பெல் கழற்றும் வகை என்றால் தட்டையான பெட்டியில் வைத்துக் கைப்பையாகக் கேட்டுப் பார்க்கலாம். நிலையான பெல் என்றால் பெட்டி அளவை மீறும். அப்போது பெல்லுக்குள் துணியைத் திணித்து, வால்வு நெம்புகோல்கள் அசையாதபடி மென்துணி சுற்றி, மவுத்பீஸைத் தனியே கைப்பையில் வைத்து, கடினப் பெட்டியில் போட வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் அளவு சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பலர் மறப்பது சுங்கச் சான்று. திருவனந்தபுரத்தில் ஏறுவதானால், புறப்படும் அன்று செக்-இன் செய்வதற்கு முன் சுங்க அதிகாரியிடம் ஹார்னைக் காட்டி, நிறுவனப் பெயரும் வரிசை எண்ணும் எழுதிய ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது புதிதாக வாங்கி வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். வரிசை எண் பெரும்பாலும் வால்வுக்கு அருகில் பொறித்திருக்கும். வாங்கிய ரசீதின் நகலையும் எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.